அம்மா கிழித்ததற்குப் பக்கத்து இடம்

ஈரியா என் வீட்டுக்குக் குடிவந்த அன்று அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒன்றுக்குத்தான் பூட்டு இருந்தது. அது பணப்பெட்டி இல்லை. அவள் அம்மா அடுப்புப் புகையில் தொங்கவிட்டுப் பதப்படுத்திய சாசேஜ் வைத்திருந்த தகர டப்பா.

"யாராவது எடுத்துடுவாங்கன்னு இல்ல டோனா அல்சீரா. எடுத்தா எனக்குத் தெரியணும்ல" என்று என்னிடம் சொன்னாள்.

மூன்று வருடமாக அந்த டப்பா என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பூட்டும் இருக்கிறது.

கோயிம்ப்ராவில் பல்கலைக்கழகத்துக்கு ஏறுகிற சரிவில் வீடு வைத்திருக்கிற எல்லாருமே மாணவர்களுக்கு அறை விடுகிறோம். என் வீட்டில் இரண்டு அறை. தெருவைப் பார்த்த அறை பெரிது. பின்பக்கத்து அறை சிறிது, மழைக்காலத்தில் அதன் சுவர் கொஞ்சம் வேர்க்கும். வாடகை குறைவு என்பதால் ஈரியா பின்னறையை எடுத்துக்கொண்டாள். மருந்தியல் படிக்கிறாள். வடக்கே, எல்லையோரம், வின்யாய்ஸ் பக்கத்துச் சிற்றூர்ப் பெண். அப்பா லக்ஸம்பர்கில் கட்டட வேலை. ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸுக்கும்தான் வருவார். அம்மாவுக்கு ஆடும் தோட்டமும். ஒரு தங்கை, லீடியா.

முதல் இரண்டு வருடம் முன்னறை பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. வீட்டில் ஈரியா ஒருத்திதான் பெண்பிள்ளை. நான் சூப் வைத்தால் முதல் கிண்ணம் அவளுக்கு. என் மின்சார பில்லைப் படித்துச் சொல்வது, குழாய்க்காரனோடு பேரம் பேசுவது எல்லாம் அவள்தான். மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வருவார்கள் அல்லவா, அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுற்றிக்காட்டிப் பேசுகிற மாணவர்களில் ஒருத்தியாகவும் அவளைச் சேர்த்திருந்தார்கள். அதில் அவளுக்குப் பெருமை. ஜனவரியிலேயே பேச்சைத் தயாரித்து, நான் உருளைக்கிழங்கு உரிக்கும்போது என் எதிரில் நின்று ஒப்பிப்பாள்.

போன செப்டம்பரில் முன்னறைக்குப் பெனெதிதா வந்தாள்.

சட்டப்படிப்பில் கடைசி வருடம், போர்த்தோ நகரத்துப் பெண். கூடப்பிறந்தவர்களே நாலு பேர், அத்தை மாமா கணக்கில் அடங்காது. சாவியைத் தொலைப்பாள். அடுத்தவர் துண்டில் முகம் துடைப்பாள். படியேறும்போதே சிரிப்பாள், அவளுக்குப் பின்னால் யாராவது ஒருவர் எப்போதும் சிரித்துக்கொண்டு வருவார்கள். ஈரியா அவளைப் பற்றி என்னிடம் சொன்ன புகார்கள் எல்லாம் உண்மைதான். துண்டு, சாவி, பாத்திரம் கழுவாதது. ஆனால் ஒருநாள் சூப் ஊற்றும்போது, "அவளுக்கு மட்டும் கிண்ணம் வழிய ஊத்தறீங்க" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கிண்ணமும் ஒரே அளவுதான்.

"உங்களுக்கும் அவளத்தான் பிடிக்கும். சொல்லிடுங்க, பரவாயில்ல."

"எனக்கு வாடகைய நேரத்துக்குக் குடுக்கிறவளத்தான் பிடிக்கும். சாப்பிடு."

உண்மையான நோவு வேறிடத்தில் இருந்தது. அது கூடத்து ஆணியில் தொங்கியது.

எங்கள் ஊர் மாணவர்களின் கறுப்பு மேலங்கியைத் துவைக்கக் கூடாது. மழை, ஒயின், மீன் சுட்ட புகை எல்லாம் அதில் ஏறியபடியே இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரி தெரியாமல் ஒரு பையனுடைய மேலங்கியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள், அவன் அழுதது தெருக்கோடிவரை கேட்டது. முதல் வருடம் முடிந்ததும் அதன் கீழ் விளிம்பைப் பிரியமானவர்கள் கிழிப்பார்கள். கையாலும் பல்லாலும்தான். கத்தி, கத்தரி கூடாது. இடப்பக்கம் குடும்பத்தாருக்கு, வலப்பக்கம் நண்பர்களுக்கு, நடுவில் காதலுக்கு. தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும், யாருக்கு எத்தனை பேர் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

பெனெதிதாவின் மேலங்கி விளிம்பெல்லாம் நாராகத் தொங்கும். ஈரியாவினுடையதில் இடப்பக்கம் அம்மா கிழித்தது ஒன்று. வலப்பக்கம் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் கிழித்தது. அவ்வளவுதான். இரண்டும் ஒரே கூடத்தில், அடுத்தடுத்த ஆணியில்.

அப்பாவிடம் அவள் கேட்காமல் இல்லை. ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது எடுத்துக்கொண்டே போனாள். "நான் காசு குடுத்து வாங்கின துணிய நானே கிழிக்கணுமா? உனக்கென்ன பைத்தியமா புள்ள?" என்று சொல்லி அவர் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டாராம். சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னாள்.

நவம்பரில் ஒருநாள் பெனெதிதா ஈரியாவின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு, "வலப்பக்கம் இவ்வளவு இடம் சும்மா கெடக்கு. நான் ஒண்ணு கிழிக்கட்டுமாடி?" என்று கேட்டாள்.

ஈரியா அதைப் பிடுங்கிக்கொண்டாள். "எல்லாரும் கிழிக்கிறதுக்கு இது என்ன சந்தையில விரிச்ச துணியா?"

பெனெதிதா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இந்த வருடம் மார்ச் மாதத்தில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. லீடியா பள்ளிப்படிப்பை முடிக்கிறாள். லக்ஸம்பர்கில் சித்தி அலுவலகங்களைத் துடைக்கிற வேலையில் இருக்கிறாள், அங்கே இவளுக்கும் ஓர் இடம் பேசி வைத்திருந்தாள். வந்தால் உடனே சம்பளம். லீடியா அதற்குப் பாதி தலையாட்டியாகிவிட்டது. "இங்க ஒரு தடவ வந்து பார்த்துட்டு முடிவு பண்ணு" என்று ஈரியா தினமும் போனில் கெஞ்சினாள். கடைசியில் பள்ளிக்கூடப் பஸ்ஸில் மற்ற பிள்ளைகளோடு வந்து பார்ப்பது, பார்த்துவிட்டு அன்றே சொல்வது என்று முடிவாயிற்று. அப்பாவையும் அந்த நாடு கொண்டுபோயிருந்தது. தங்கையும் போய்விட்டால் ஈரியாவுக்கு ஆடுகளோடு அம்மா மட்டும்தான் மிச்சம்.

அந்த வாரத்தில் பெனெதிதா சமையலறைக்குள் வந்து ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, "என்னையும் பேசக் கூப்பிட்டிருக்காங்கடி. எந்த ஊர்ப் பிள்ளைங்கன்னு தெரியுமா? உங்க ஊர்ப் பக்கம்தான்!" என்றாள்.

ஈரியா கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அது என்னோட கூட்டம்."

"நாப்பது பேராம். ரெண்டு பேர் வேணுமாம்."

"நீ வேற ஊருக்குப் பேசு. போர்த்தோவுலயிருந்து யாரும் வரலயா?"

"வந்தாங்க, போன வாரமே. ஏன், உங்க ஊர்ப் பிள்ளைங்களக் கடிச்சுத் தின்னுடுவேனா?"

"உன்னால நேரத்துக்கு வர முடியாது. அதான் சொன்னேன்."

"அது சரி" என்று பெனெதிதா சிரித்துவிட்டு, வெண்ணெய்க் கத்தியைக் கழுவாமலே போட்டுவிட்டுப் போனாள். ஈரியா அதை எடுத்துக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

பஸ் வருகிற அன்று காலையில் கருவாட்டு மீனின் துடுப்புகளை நறுக்கக் கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு அலகுக்கும் நடுவில் கறுப்புப் பஞ்சு சிக்கியிருந்தது. அதைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து பார்த்தேன். ஒரு ஆணி காலி, ஈரியா முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தாள். நான் பஞ்சைக் குப்பையில் போட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, வெட்டியது வெட்டியதுதான்.

லீடியாவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவருவது என் பொறுப்பு. அதனால் பதினொரு மணிவாக்கில் மேலே முற்றத்துக்குப் போனேன். நல்ல வெயில். பிள்ளைகள் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். லீடியாவை உடனே அடையாளம் தெரிந்தது. அக்காவின் அதே நெற்றி, வாயில் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தாள், மடியில் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலம்.

ஈரியா முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். மேலங்கி இடது தோளில்.

"கேன்டீன்ல பன்னெண்டரைக்கு மேல வரிச நீளும், முன்னாடியே போயிடுங்க. சூப் ரெண்டாவது தடவ கேட்டாலும் குடுப்பாங்க, வெட்கப்படாதீங்க. ரூம் எடுக்கும்போது ஹீட்டர் வாடகையில சேர்த்தியான்னு கேளுங்க. பின்பக்கச் சுவர்ல கைய வச்சுப் பாருங்க. ஈரமா இருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க."

அது என் சுவர். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எந்தப் பேராசிரியர் தாமதத்தைப் பொறுக்கமாட்டார், பழைய பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும், உதவித்தொகை பிந்தினால் யாரைப் பார்ப்பது எல்லாம் சொன்னாள். பிள்ளைகள் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். லீடியா பொட்டலத்தின் கயிற்றை நிமிண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பெனெதிதா ஓடிவந்தாள், நேரம் தப்பி, மூச்சிரைக்க. "மன்னிச்சுக்கோங்க பசங்களா, சாவியத் தேடினேன். கையிலதான் இருந்துச்சு."

முதல் சிரிப்பு அங்கேயே கிளம்பியது. பிறகு அவள் நிறுத்தவில்லை. முதல் நாளில் வகுப்பு மாறி உட்கார்ந்து, சட்டம் என்று நினைத்து முழுசாக ஒரு மணிநேரம் எலும்புப் பாடம் கேட்ட கதை. வீட்டு நினைப்பு வந்து கழிப்பறையில் உட்கார்ந்து அழுதபோது, பக்கத்து அடைப்புக்குள்ளும் ஒருத்தி அழுதுகொண்டிருந்த கதை. "கீழ் இடுக்கு வழியா பேப்பர் நீட்டினா. அவதான் இப்ப என் உயிர்த்தோழி." மேலங்கியை அவிழ்த்துப் படியில் விரித்தாள். "இது என் தம்பி. இது பெரியத்தை, ஒரு கையில சுட்ட மத்தி மீன வச்சுக்கிட்டே கிழிச்சா. மோந்து பாருங்க, இன்னும் வாசம் போகல."

பிள்ளைகள் எழுந்துபோய் மோந்து பார்த்தார்கள். லீடியாவும் போனாள். மோந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்கம்பி தெரியக்கூடாது என்று பொத்துவாள் போல. பெனெதிதா அவள் கையை விலக்கி, "நல்லாத்தானே இருக்கு, ஏன் மூடறே?" என்றாள்.

ஈரியா பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும், சூப் கிண்ணத்தை அளந்த முகம்.

"அக்கா, உங்களோடதக் காட்டுங்க" என்று ஒரு பையன் ஈரியாவிடம் கேட்டான்.

அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். விரித்துக் காட்டினாள். புதிதாக இடப்பக்கத்தில் மூன்று, வலப்பக்கத்தில் இரண்டு சேர்ந்திருந்தன. "இது எங்கம்மா. இது... எங்கப்பா. லக்ஸம்பர்க்லயிருந்து இதுக்குன்னே லீவு போட்டு வந்தார். பல்லாலயே கிழிச்சார்."

லீடியா நிமிர்ந்து பார்த்தாள்.

பையன் விளிம்பைத் தடவினான். "என்னக்கா, இவ்ளோ நேரா கிழிஞ்சிருக்கு? ஸ்கேல் வச்ச மாதிரி?"

சிலர் எட்டிப் பார்த்தார்கள். பெனெதிதாவும் குனிந்து பார்த்தாள். சட்டம் படிக்கிறவள், பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

"வடக்கத்தி ஆம்பளைங்க பல்ல நீங்க பாத்ததில்லயா? உங்க ஊர்தானே தம்பி? ரம்பம் மாதிரி இருக்கும். போய் உங்கப்பா வாயத் திறந்து பாரு."

எல்லாரும் சிரித்தார்கள், பையனும்தான். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஈரியாவின் காதுமடல்கள் சிவந்திருந்தன. தன்னைக் காப்பாற்றியதற்காக அவள் பெனெதிதாவை அந்த வருடம் முழுக்க வெறுத்ததைவிட அதிகமாக அந்த நிமிடத்தில் வெறுத்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

லீடியா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நான்கு பேராக இறங்கினோம். "நீங்களும் வாங்களேன்" என்று லீடியாதான் பெனெதிதாவைக் கூப்பிட்டாள். ஈரியா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் லீடியா அக்காவின் அறையைப் பார்க்கப் போனாள், சீக்கிரமே திரும்பி வந்தாள். நான் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, அவள் கொண்டுவந்த சாசேஜை வறுத்துப் போட்டேன். பெனெதிதா வாய் நிறையச் சாப்பிட்டாள். மற்ற இருவரும் தட்டைக் கிளறினார்கள்.

"அக்கா, அங்கியக் குடு" என்றாள் லீடியா.

"எதுக்கு?"

"அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. 'என் கிழிசலுக்குப் பக்கத்துல நீ ஒண்ணு கிழிச்சுட்டு வா. அப்பாவுக்குன்னு இடம் விடாத, அவர் கிழிக்கப் போறதில்ல'ன்னு. பஸ்ல வரும்போதெல்லாம் கைக்குட்டையக் கடிச்சுப் பழகிக்கிட்டே வந்தேன்."

ஈரியா எழுந்திருக்கவில்லை. லீடியாவே போய் ஆணியிலிருந்து எடுத்துவந்து மேசைமேல் போட்டாள். அம்மா கிழித்த இடத்தைக் கண்டுபிடித்தாள், அதில் நூல்கள் முடி முடியாகத் தொங்கின. பக்கத்திலேயே அந்த நேரான வெட்டு.

"எங்க கிழிக்கிறது? எனக்குன்னு வச்சிருந்த எடத்துல அப்பா கிழிச்சிருக்காரே."

"லீடியா..."

"அப்பாவுக்கு மேல் வரிச பூரா செட்டுப் பல்லு. இத அவர் கடிச்சிருந்தா பல்லுதான் துணியோட போயிருக்கும்."

பெனெதிதாவுக்குச் சிரிப்பு முட்டியது, தண்ணீர்க் கோப்பையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். நான் அவள் காலை மேசைக்கடியில் மிதித்தேன்.

"அவளுக்கு அவ்வளவு இருக்கு" என்றாள் ஈரியா. "நீ வந்து பாக்கும்போது எனக்கு மூணே மூணு. நீ என்ன நெனப்ப? இந்த ஊர்ல இவளுக்கு யாருமில்ல, இங்க வந்து நாம என்ன பண்றதுன்னுதான நெனப்ப."

"இடத்தக் காலியா வச்சிருந்தா நான் வந்து கிழிச்சிருப்பேன்ல? நாலாயிருக்கும்ல?"

லீடியா கொஞ்சநேரம் அந்த வெட்டையே பார்த்தாள். பிறகு குனிந்து, அது முடிகிற மூலையைப் பல்லில் கவ்வி, இரண்டு கையாலும் துணியை இழுத்தாள். சர்ரென்று ஒரு சாண் கிழிந்தது, கோணலாக, நூல் நூலாக. கத்தரி போட்ட நேர்க்கோடு அதற்குள் தொலைந்துபோனது.

"இப்ப இது என்னோடது" என்று அவள் சொல்ல வந்தாள். ஆனால் "இஃப இது எம்மோழது" என்றுதான் வந்தது. நூல் பல்கம்பியில் சிக்கிக்கொண்டு, மேலங்கி வாயிலிருந்து தொங்கியது.

"ஐயோ, அசையாத! என்கிட்ட புருவம் திருத்தற குறடு இருக்கு" என்று பெனெதிதா ஓடினாள். கொண்டுவந்து, "வாயத் திற, கண்ணு" என்று லீடியாவின் தாடையைப் பிடித்தாள்.

ஈரியா எழுந்தாள். "தள்ளு. குடு இங்க. என் தங்கச்சி."

"நீ நடுங்கறடி."

"நடுங்கினாலும் நானே எடுக்கிறேன்."

ஒவ்வொரு நூலாக எடுத்தாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். கடைசி நூல் வந்ததும் லீடியா வாயைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போன சாசேஜை எடுத்துக் கடித்தாள்.

"நான் இங்கயே வர்றேன்" என்றாள், மென்றபடியே. "சித்திகிட்ட அம்மாவையே சொல்லச் சொல்லிடறேன்."

ஈரியா குறட்டைக் கீழே வைத்தாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்த கேள்வி வேறு. "யாரு பேசினதக் கேட்டு?"

"அவங்க பேசினதக் கேட்டு."

பெனெதிதா ஜன்னலைப் பார்த்தாள்.

"நீ பேசினதக் கேட்டப்ப லக்ஸம்பர்கே தேவலன்னு இருந்துச்சு. ஆனா நீ சொன்னதுல ஒண்ண செஞ்சு பாத்தேன். உன் ரூம் பின்சுவர்ல கைய வச்சேன். ஈரமா இருக்கு. அந்த ரூம் எனக்கு வேண்டாம்."

நான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். அந்தச் சுவருக்கு ஜூலையில் ஆள் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் ஜூன்ல காலி பண்ணிடுவேன்" என்றாள் பெனெதிதா. "முன்னறைய நீ..."

"அத நீ சொல்ல வேண்டாம். நான் கேட்டுக்கிறேன்" என்று ஈரியா குறுக்கே பாய்ந்தாள். என் பக்கம் திரும்பினாள். "டோனா அல்சீரா, முன்னறை எங்க ரெண்டு பேருக்கும் வேணும். வாடகை பத்திப் பேசணும்."

"ஜூன்ல பேசலாம்."

"இப்பவே பேசலாம். அப்புறம் வேற யாருக்காவது குடுத்துடுவீங்க."

நாலு மணிக்குப் பஸ் கிளம்பியது. நான் போகவில்லை, ஈரியாவும் பெனெதிதாவும் போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்கள். சேர்ந்து வந்தார்கள் என்று சொல்லமுடியாது, ஒரே நேரத்தில் வந்தார்கள். கூடத்தில் மேலங்கிகளை மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பெனெதிதாவின் குரல்.

"உன் தங்கச்சி நல்ல பிள்ளடி."

"தெரியும்."

"நான் ஒண்ணும் அவள உன்கிட்டயிருந்து தூக்கிட்டுப் போகல."

"அவ வாயில கைய வைக்கப் போனியே."

பெனெதிதா சிரித்தாள், ஈரியா சிரிக்கவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசல்படிவரை வந்தேன். ஈரியா தன் மேலங்கியின் விளிம்பைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், இடப்பக்கம் முடித்து வலப்பக்கத்துக்கு வந்திருந்தாள்.

"வலப்பக்கம் ரெண்டு இருக்கு, கத்தரி போட்டது" என்றாள், பெனெதிதாவைப் பார்க்காமல். "பாக்க அசிங்கமா இருக்கு. ஒண்ண வேணும்னா எடுத்துக்க."

"நெசமாவா?"

"சின்னதா. லீடியாவோடதவிடச் சின்னதா இருக்கணும்."

பெனெதிதா முழங்காலிட்டு, துணியைக் கவ்வினாள். ஈரியா தங்கை கிழித்த பக்கத்தை இடது கையால் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் வைத்து அளவு பார்த்தபடி நின்றாள்.

"போதும்" என்றாள். "போதும்னு சொன்னேன்ல. விடு."